ஒன்பது தளபதிகளும் ஒரு கூறைப்பெட்டியும்

"முப்பத்தைஞ்சு வருஷமா இந்த நாட்டில நான் தூக்கினது காணும். என்ர மகன்ர கலியாணத்தில ஒரு வெத்திலைத் தட்டுக்கூடத் தூக்கமாட்டன். தளபதி சொல்லுவான், படை தூக்கும்."

சென்ற ஆவணியில், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரின் அடுக்குமாடி வீடு ஒன்றில், பொன்னுருக்கல் நடந்துகொண்டிருந்த சுபவேளையில், ஸ்ரீஸ்கந்தராஜா என்கிற எங்கள் ஸ்ரீ அண்ணை இந்தப் பிரகடனத்தைச் செய்தார். மகனின் தாலிக்குப் பொன் உருக்கிக்கொண்டிருந்த பத்தர் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பொன் ஆறிவிடுமே என்ற கவலை அங்கே ஒருவருக்கும் வரவில்லை. வந்திருந்த அத்தனை பேரின் முகத்திலும் ஒரே கேள்விதான் இருந்தது. அப்படியென்றால் சோற்று அண்டாவை யார் தூக்குவது?

இந்த அதிர்ச்சியின் ஆழம் விளங்க வேண்டுமானால் ஸ்ரீ அண்ணையின் முதுகைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும்.

அண்ணை தொண்ணூறாம் ஆண்டு அகதியாக வந்து இறங்கியவர். அகதி முகாமிலிருந்து வெளியே வந்த நாள்முதல் நகரத்தின் ஓரத்திலுள்ள ஒரு கிடங்கில் வேலை. ஜெர்மன் வீடுகளின் சமையலறைகளில் பூட்டுகிற அலுமாரிகளைப் பெட்டி பெட்டியாக அடுக்குவதும் இறக்குவதும் அவர் தொழில். வாரத்தில் ஐந்து நாள் ஜெர்மன்காரரின் அலுமாரி. சனி ஞாயிறில் தமிழரின் அண்டா. பீலெஃபெல்டில் பிள்ளைக்குக் காது குத்தினாலும், சாமத்தியச் சடங்கு வைத்தாலும், கோயிலில் கொடி ஏறினாலும், மணவறைத் தூண்களையும் மடக்குக் கதிரைகளையும் சோற்று அண்டாவையும் வான் வண்டியிலிருந்து இறக்க ஒரே ஒரு முதுகுதான் இருந்தது. பட்டுவேட்டி கட்டி வந்தவர்கள், "ஸ்ரீ அண்ணையைக் கூப்பிடு" என்பார்கள். அண்ணை வருவார். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, கிடங்கில் வருடாவருடம் பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே முறையில் தூக்குவார். பிறகு வியர்வையோடு கடைசிப் பந்தியில் இருப்பார். அந்த நேரத்தில் வடை முடிந்திருக்கும்.

எனவே அந்த முதுகு பதவி விலகுகிறது என்றபோது ஊர் கதிகலங்கியதில் ஆச்சரியமில்லை.

பதவி விலகலுக்குக் காரணம் ஒரு புத்தகம். நகர நூலகம் வேண்டாம் என்று வெளியே வைத்திருந்த பழைய புத்தகங்களுக்குள் அண்ணை அதைக் கண்டெடுத்தார். ஜெர்மன் மொழியில், படங்களோடு, ஒரு குழந்தையின் பாரத்தில் இருந்தது. 1592-ஆம் ஆண்டு ஜப்பானின் பெருந்தலைவராக இருந்த ஹிதேயோஷி கடல் தாண்டிக் கொரியாவுக்கு அனுப்பிய சாமுராய்ப் படையைப் பற்றிய நூல். நடுவில் மடித்து வைத்த பெரிய படம் ஒன்று. விரித்தால் மேசை கொள்ளாது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களை ஒன்பது அணியாகப் பிரித்து, அணிக்கு அணி கொடியும் தலைவரும் போட்டுக் காட்டியிருந்தார்கள். கிடங்கின் இடைவேளைகளில் அண்ணை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையில் இருக்கிற தளபதி விசிறியை நீட்டுகிறான். ஆயிரம் பேர் நகருகிறார்கள். அவன் கையில் விசிறியைத் தவிர வேறு ஒரு சாமானும் இல்லை. இது அண்ணையின் மனத்தில் எங்கேயோ போய் ஆழமாகத் தைத்துவிட்டது.

அண்ணையின் மகன் நிருஜன் லண்டனில் வேலை பார்க்கிறவன். அங்கேயே ஹரோவில் வேணுஜா என்ற பிள்ளையைப் பார்த்து, பிடித்து, பிறகு வீட்டாரையும் பார்க்க வைத்தான். கலியாணம் லண்டனில் ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் பீலெஃபெல்டிலிருந்து காரில் புறப்பட்டு, பிரான்சின் கலே துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஆங்கிலக் கால்வாயைத் தாண்ட வேண்டும். அதாவது கடல் கடந்த படையெடுப்பு. அண்ணைக்கு வேறென்ன வேண்டும்?

மறுவாரமே வரவேற்பறைச் சுவரில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், அதே மாதிரி அண்ணை வரைந்த எங்கள் ஒன்பது அணிகளின் படம் ஏறியது. அதைப் பார்க்க நாங்களும் போனோம்.

படை திரட்டும் முறையை முதலில் விளக்கினார். ஜப்பானில் ஒவ்வொரு பிரபுவும் தன் நிலத்தில் விளையும் அரிசியின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்ப வேண்டுமாம். கொரியாவுக்குக் கிட்ட இருந்தவர் கூடுதலாக அனுப்ப வேண்டும். தூரத்தில் இருந்தவர் குறைவாக அனுப்பலாம். பீலெஃபெல்டில் எங்களுக்கு வயலேது? ஆகவே அண்ணை விளைந்த அரிசியை விட்டுவிட்டு உண்ட அரிசியை அளவாக எடுத்துக்கொண்டார். எந்தக் குடும்பம் தன் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறதோ அதற்குத் தக்கபடி காரும் ஆளும். நெருங்கிய சொந்தம் இரண்டு கார்; கோயிலில் கண்டு சிரிக்கிறவர்கள் ஒரு காரில் பாதி. பல குடும்பங்கள் தாங்கள் இத்தனை தரம் சாப்பிட்டோமா என்று வாயைப் பிளந்தன. சிவகௌரி அக்கா, அண்ணையின் மனைவி, சமைத்தவர் என்ற முறையில் கணக்கை உறுதிசெய்தார்.

முதலாம் அணிக்கு ரவிச்சந்திரன். அண்ணையின் அக்காவைக் கட்டிய அத்தான். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். இரண்டாம் அணிக்கு ஆரூரன். சிவகௌரி அக்காவின் தம்பி. கோயில் நிர்வாகசபைச் செயலாளர். இவர்கள் இருவரும் ஒரே மேடையில் ஏறினால் ஒலிவாங்கிக்கு ஆபத்து. ஒருமுறை தேர்த்திருவிழாவில் யார் முதலில் வடம் பிடிப்பது என்று நடந்த பேச்சுவார்த்தையில் தேர் ஒரு மணிநேரம் மழையில் நனைந்தது. இதைச் சுட்டிக்காட்டியபோது அண்ணை புன்னகைத்தார். ஜப்பான் படையிலும் அப்படித்தானாம். முதலாம் அணித்தலைவர் மருந்து வியாபாரியின் மகன், கிறிஸ்தவர். இரண்டாமவர் தீவிர பௌத்தர். ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக் கூடாது. அந்தப் பகையினால்தான் கொரியத் தலைநகருக்கு வேறு வேறு வழியால் ஓட்டப்பந்தயம் ஓடிச் சீக்கிரம் பிடித்தார்கள் என்று அண்ணை சொன்னார். பகையைக்கூட வீணாக்காமல் பயன்படுத்துகிற நிர்வாகத்தைக் கண்டு நாங்கள் மலைத்துப்போனோம்.

ஜப்பான் படையில் தளபதிகளின் குற்றங்குறைகளைத் தலைமையகத்துக்கு எழுதி அனுப்பும் மேற்பார்வையாளர்களும் இருந்தார்கள். அந்தப் பதவி கமலாம்பிகை அக்காவுக்குப் போனது. பீலெஃபெல்டில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் வாட்சப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுகிற அவருக்கு இது பதவி அல்ல, ஓர் அங்கீகாரம். துப்பாக்கிக்காரர் முன்வரிசையில் போவதுபோல வீடியோக்காரர் முன்வரிசை. ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிற ரிப்பன், கார் முன்கண்ணாடித் துடைப்பானில் கட்ட. நாங்கள் ஒன்பதாம் அணி, பின்னிருப்புப் படை. தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது சாம்பல் ரிப்பன்.

ஒன்பது தளபதிகளை நியமித்த பிறகு ஒரு சிறு சிக்கல் எழுந்தது. மிச்சமிருந்தவர்களும் மனிதர்கள்தானே? ஏழாம் அணியில் ஒருவர், தன்னைச் சும்மா 'படைவீரர்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தனக்கு அன்றைக்கு வேலையில் ஊர்லாப், அதாவது லீவு, கிடைக்காது என்று அறிவித்தார். அண்ணை உடனே அவரைத் துணைத்தளபதி ஆக்கினார், ஊர்லாப் கிடைத்துவிட்டது. செய்தி பரவியது. இரண்டு நாளில் படையில் துணைத்தளபதி, இணைத்தளபதி, ஒருங்கிணைப்பாளர், உதவி ஒருங்கிணைப்பாளர் ஆகியோர் மட்டுமே இருந்தார்கள். சுவரிலிருந்த படத்தைச் சிவகௌரி அக்கா மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, இதில ஆர் சாமான் தூக்கிறது?"

"அதைக் கீழ்மட்டம் பாத்துக்கொள்ளும்."

"கீழ்மட்டம் எங்க?"

அண்ணை படத்தின் அடிப்பாகத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே படம் முடிந்து சுவர் தொடங்கியிருந்தது.

இனிக் கூறைப்பெட்டி. எங்கள் வழக்கத்தில் மணமகளின் கூறைச்சேலையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போக வேண்டும். மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக நின்று அதைக் கொண்டுபோவாள். யாழ்ப்பாணத்தில் அப்படி, பீலெஃபெல்டிலும் அப்படி. அண்ணையின் மகள் கம்சனா, "நான் மடியில வச்சுக்கொண்டு வாறன் அப்பா" என்று ஒரே வசனத்தில் விஷயத்தை முடிக்கப் பார்த்தாள். ஆனால் படையின் உயிர்நிலையான பொருளை ஒரு மடியில் வைப்பது ராணுவ முறை அல்ல. அது முன்னணியின் பொறுப்பு. முன்னணி யார் என்றதும் ரவிச்சந்திரனும் ஆரூரனும் எழுந்து நின்றார்கள். அண்ணை நீண்ட நேரம் யோசித்து நீதி வழங்கினார். வீட்டிலிருந்து கலே வரை பெட்டி முதலாம் அணியின் பொறுப்பு. கலேயிலிருந்து லண்டன் வரை இரண்டாம் அணியின் பொறுப்பு. கலேயில், வீடியோவின் முன்னால், கையளிப்பு வைபவம்.

கம்சனா காரில் தின்பதற்கு முறுக்கு எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடியப்புறம் படை புறப்பட்டது. அண்ணையின் நிர்வாகத்தில் குறை சொல்லவே முடியாது. அதுதான் பின்னால் நடந்ததை இன்னும் பயங்கரமாக்கியது. இங்கிலாந்துக்கு எங்களுக்கெல்லாம் இணையத்தில் முன்அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் எடுத்திருந்தார். இறைச்சியும் பாலும் நெய்யும் கொண்டுபோகத் தடை என்று அறிந்து, அவித்த முட்டையைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாகனத்தில் ஏற்றினார். பிள்ளைகள் எல்லை தாண்டுவதற்குள் எங்கே ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதுவரை ஏற்பாடு. சொன்னபடியே அவர் கையில் ஒரு பொருளும் இல்லை. அவருடைய பட்டுவேட்டி உடுப்புப் பையை வேறொருவர் வைத்தார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கடைசி நிமிடத்தில் கம்சனா அதை வானுக்குள் எறிந்தாள்.

முதலாம் அணியும் இரண்டாம் அணியும் கொரியத் தலைநகருக்கு ஓடியதுபோலவே கலேக்கு ஓடின. ஆரூரன் ஆன்ட்வெர்ப் பக்கம் ஷ்டா என்கிற வாகன நெரிசலைச் சுற்றி ஏதோ கிராமங்களுக்குள்ளால் போனார். ரவிச்சந்திரன் ஷ்டாவுக்குள்ளேயே நின்று, ஆரூரன் வழி தவறிவிட்டதாகக் கமலாம்பிகை அக்காவுக்குக் கோள் சொன்னார். மேற்பார்வையாளரின் குரல் பதிவுகள் ஒன்பது அணிகளையும் மகிழ்வித்தன. பிற்பகலில் கலேக்கு வெளியே ஒரு பல்பொருள் அங்காடியின் வாகனத் தரிப்பிடத்தில் எல்லாரும் வந்து சேர்ந்தோம். ஒரு கார் குறையவில்லை. ஒரு பிள்ளை குறையவில்லை. அண்ணை வானிலிருந்து இறங்கி வெறுங்கையோடு படையைப் பார்வையிட்டபோது, உண்மையைச் சொன்னால், எங்களுக்குக்கூட மேனி சிலிர்த்தது.

வீடியோக்காரர் தயாரானார். ஆரூரன் சால்வையைச் சரிசெய்து இரண்டு கைகளையும் நீட்டினார். ரவிச்சந்திரன் புன்னகையோடு தன் துணைத்தளபதியைத் திரும்பிப் பார்த்தார். துணைத்தளபதி இணைத்தளபதியைப் பார்த்தார். இணைத்தளபதி ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். புன்னகை மட்டும் கைமாறிக்கொண்டே போனது. கடைசியில் நின்ற உதவி ஒருங்கிணைப்பாளருக்குத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவர் பிரான்ஸைப் பார்த்தார்.

ஆரூரனின் கைகள் நீட்டியபடியே இருந்தன. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்த விசாரணையை ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாரும் ஒரே வரியைத்தான் சொன்னார்கள்: "நான் சொல்லிப்போட்டன்." ரவிச்சந்திரன், பெட்டியை ஏற்றச் சொல்லித் துணைத்தளபதிக்குச் சொல்லியிருந்தார். துணைத்தளபதி இணைத்தளபதிக்குச் சொல்லியிருந்தார். கட்டளை ஒரு தடங்கலும் இல்லாமல், ஒவ்வொரு படியிலும் "ஓம்" என்ற உறுதியோடு, அடிமட்டம்வரை போய்ச் சேர்ந்திருந்தது. உதவி ஒருங்கிணைப்பாளரும் சொல்லிப்போட்டார். யாருக்கு என்று கேட்டதற்கு, பொதுவாகச் சொன்னேன் என்றார்.

சிவகௌரி அக்கா தரிப்பிடத்தின் ஓரத்துச் சீமெந்துத் திட்டில் அப்படியே குந்திவிட்டார். அவர் அழவில்லை. அது எங்களை இன்னும் பயமுறுத்தியது.

பீலெஃபெல்டில் பக்கத்து வீட்டு லிசாவிடம் அண்ணை வீட்டுத் திறப்பு, மாற்றுச் சாவி, ஒன்று இருந்தது. கம்சனா அவளுக்குப் போன் எடுத்தாள். லிசா போய்ப் பார்த்து, கூடத்துச் சப்பாத்து அலுமாரிக்கு மேலே சிவப்புப் பெட்டி ஒன்று இருப்பதாகவும், அதன்மேல் மாலை போட்டிருப்பதால் அதைத் தொடலாமா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். கொண்டுவந்து தர அவளுக்கு விருப்பம்தான். அவளிடம் சைக்கிள்தான் இருந்தது.

லண்டனில் வேறு தாலி வாங்கலாமே என்று ஐந்தாம் அணியிலிருந்து ஒரு குரல் வந்தது. சிவகௌரி அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"அது என்ர சங்கிலி. நான் கழட்டிக் குடுத்துத்தான் உருக்கினது. அது இல்லாமல் அவன் தாலி கட்டுறதெண்டால் நான் இதில இருந்து வரேல்லை."

ஒருவர் திரும்பிப் போக வேண்டும். இரவோடிரவாகப் பெட்டியோடு வர வேண்டும். ஸ்ரீ அண்ணை தன் படையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இந்த இடத்தில் வரலாற்றின் கடமை கருதி, தளபதிகள் கூறிய காரணங்களைப் பதிவுசெய்கிறேன். முன்னணி பின்வாங்குவது சரியல்ல என்றார் ரவிச்சந்திரன். தன் பொறுப்பு கலேயிலிருந்துதான் தொடங்குகிறது, பீலெஃபெல்ட் தன் எல்லைக்குள் வராது என்றார் ஆரூரன். மூன்றாம் தளபதிக்கு மூட்டுவலி. நான்காமவருக்கு இருட்டில் கண் தெரியாது. ஐந்தாமவர் ஆலோசனை மட்டும் வழங்குபவர். ஆறாமவர் போவதாகச் சொன்னார். அவர் மனைவி அவரைப் பார்த்தார். அவர் போவதாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் போனில் ஏதோ முக்கியமாகத் தேடத் தொடங்கினார்கள்.

கம்சனா கார்த் திறப்புக்குக் கையை நீட்டினாள்.

"நான் போறன் அப்பா."

"நீ தோழி. நீ அங்க நிக்கவேணும்."

"அப்ப ஆர் போறது?"

அண்ணை சுவர்ப்படத்தில் கீழ்மட்டம் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதுபோலத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தளபதிகள் பக்கமே திரும்பாமல் ஒன்பதாம் அணியிடம் வந்து, எங்கள் பழைய காரின் திறப்பைக் கேட்டார். எங்களை இறக்கித் தன் தலைமையக வானில் ஏற்றிவிட்டு, சாம்பல் ரிப்பனோடு கிழக்கே திரும்பினார். அவர் ஏசியிருந்தால் எங்களுக்குச் செமித்திருக்கும்.

கப்பலில் யாரும் சாப்பிடவில்லை. முறுக்குப் பை அப்படியே இருந்தது. கம்சனா அப்பாவின் இருக்கையில் கிடந்த அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்தாள். ஒன்பது அணிப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு தாளும் புரட்டிய தடயம் இல்லை. அடுத்த அத்தியாயத்தை அவள் மெல்லத் தமிழாக்கி வாசிக்க, தளபதிகள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள்.

அந்தப் படையில் பெரும்பங்கு சண்டைக்காரரே அல்லவாம். ஒரு சின்னத் தீவுப் பிரபு அனுப்பிய எழுநூற்றுச் சொச்சம் பேரில், ஆயுதம் பிடித்தவர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் சுமைகாரர், படகோட்டிகள். அரிசி தூக்க, வெடிமருந்து தூக்க, கூடாரம் தூக்க. அந்த விசிறி பிடித்த தளபதியின் பின்னால் அப்படியொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. படம் வரைந்தவர் அதை வரையவில்லை. கொரியக் கடற்படை கடலில் கப்பல்களை மறித்து, சாமான் வந்து சேராமல் போனதும், அத்தனை வேகமாக ஓடிய அணிகளும் பனியில் பட்டினி கிடந்து பின்வாங்கின. இன்னொன்று: படையை அனுப்பிய பெருந்தலைவர் கடைசிவரை கடல் தாண்டவில்லை. ஜப்பான் கரையில் கோட்டை கட்டி அங்கிருந்தே கட்டளை அனுப்பினார்.

கம்சனா புத்தகத்தை மூடினாள். ரவிச்சந்திரன், இதை முதலே வாசித்திருக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். வாசிக்கச் சொல்லித் தான் ஏற்கெனவே ஸ்ரீ அத்தானுக்குச் சொன்னதாக ஆரூரன் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹரோ மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் உரிய நேரத்துக்கு, உரிய ரிப்பனோடு, வெறுங்கையோடு போய் இறங்கினோம். பெண்வீட்டார் ஆலாத்தி எடுத்து, பன்னீர் தெளித்து, எங்கள் கைகளைப் பார்த்தார்கள். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார்கள். கூறை எங்கே என்று நேரே கேட்பது மரியாதை இல்லையென்று அவர்கள் கேட்கவில்லை. வந்துகொண்டிருக்கிறது என்று நேரே சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கமலாம்பிகை அக்கா வாழ்நாளில் முதன்முறையாகப் போனை அணைத்துப் பைக்குள் வைத்திருந்தார்.

நிருஜனுக்கு விஷயம் தெரியும். தலைப்பாகையோடு மணவறையில் இருந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணையின் போனிலிருந்து கடைசியாகக் கிடைத்த செய்தி கலேயில் அனுப்பியது: காற்று, கப்பல் பிந்துகிறது. பிறகு போனில் சார்ஜ் போய்விட்டது. ஐயருக்குக் காதில் சொன்னோம். அனுபவசாலி. நவக்கிரகங்களுக்கு ஏற்கெனவே செய்த பூசையில் தனக்குத் திருப்தியில்லை என்று சொல்லி, சூரியனிலிருந்து திரும்பத் தொடங்கினார். சனீஸ்வரனிடம் வந்தபோது மிகவும் நிதானமாகிவிட்டார். வேணுஜா முதற்சேலையோடு, கூறை மாற்றப் போக வேண்டியவள், போகாமல் இருந்தாள். நல்லநேரம் முடிய அரை மணிநேரம்கூட இல்லை. சிவகௌரி அக்கா கழுத்தில் சங்கிலி இருந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

முன்வாசலை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அண்ணை பின்வாசலால் வந்தது யாருக்கும் தெரியவில்லை. சாமான் கொண்டுவருகிறவர் சமையலறைக் கதவால் வருவது அவர் பழக்கம். கிடங்கில் போடுகிற கடும்நீல வேலைச் சட்டை; வீட்டில் அவசரத்துக்குக் கையில் அகப்பட்டது அதுதான் போலும். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன. தோளில் சிவப்புப் பெட்டி. அதன்மேல் லிசா எடுக்கத் துணியாத மாலை, வாடினாலும் விழாமல்.

கம்சனாதான் முதலில் கண்டாள். ஓடிப்போனாள். அண்ணை பெட்டியை இறக்கி அவள் இரண்டு கையிலும் வைத்தார். "கவனம், கனம்" என்றார். ஒரு சேலையும் ஒரு தாலியும் உள்ள பெட்டி.

கம்சனா அதை ஏந்திக்கொண்டு நடந்தாள். யாரும் கையளிக்கவில்லை, யாரும் பாரமெடுக்கவில்லை, வீடியோக்காரரும் அந்த இடத்தைத் தவறவிட்டார். ஐயர் சனீஸ்வரனைச் சட்டென்று விட்டார். வேணுஜா கூறை உடுத்து வந்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது சிவகௌரி அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், வேலைச் சட்டையோடு தூணுக்குப் பின்னால் நின்ற மனிசனைக் கையில் பிடித்து மணவறைக்கு இழுத்துவந்தார். அப்போது எடுத்த படத்தில் பட்டுக்கும் பொன்னுக்கும் நடுவில், சட்டைப் பையில் கிடங்கின் பெயர்ப்பட்டையோடு ஒருவர் நிற்கிறார். நிருஜன் அதைத்தான் தன் வீட்டில் மாட்டியிருக்கிறான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சாப்பாட்டு மண்டபம் மேல்மாடியில் இருந்தது. மின்தூக்கி அன்றைக்கென்று வேலை செய்யவில்லை. படிக்கட்டின் அடியில் சோற்று அண்டா ஆவி பறக்க நின்றது. மேலே முந்நூறு பேர் இலைக்கு முன்னால். அண்டாவைச் சுற்றி ஒன்பது தளபதிகளும் நின்றார்கள். மேலே ஏற்றச் சொல்லித் தாங்கள் சொல்லிப்போட்டதாக ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இது எந்த அணியின் எல்லைக்குள் வருகிறது என்பதில் ரவிச்சந்திரனுக்கும் ஆரூரனுக்கும் கருத்து வேறுபாடு தொடங்கியிருந்தது.

ஸ்ரீ அண்ணை அப்போதுதான் பட்டுவேட்டி மாற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். சற்று நின்று கேட்டார். பொன்னுருக்கல் அன்று தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்குமோ என்னவோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சால்வையை எடுத்து ஆரூரனின் தோளில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். முழங்காலை மடித்தார். முதுகை நேராக வைத்தார்.

"கொஞ்சம் வழியை விடுங்கோ" என்றார்.